பாதியில் நிறுத்திய ஊசி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, வெயில் சூடு பிடிக்கத் தொடங்கியிருந்த பங்குனி மாதத்தில் நடந்தது இது. நான் குடியிருப்பது காட்டுப்பாக்கத்தில். வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில். மருந்துக்கடைகளில் பில் போடுவதற்கும் சரக்கு இருப்பு பார்ப்பதற்குமான மென்பொருளை நாங்கள் எழுதிக் கொடுக்கிறோம். காலையில் எங்களை அழைத்துப் போக ஒரு வேன் வரும். முதலில் நான் ஏறுவேன். ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போ பக்கத்தில் என் குழுவைச் சேர்ந்த இரண்டு பேர் ஏறுவார்கள். ஒருவர் எங்கள் டீம் லீடர். இன்னொருவர் டெஸ்டிங் பார்க்கும் பெண். போரூர் போய் பைபாஸ் பிடித்தால் முக்கால் மணி நேரத்தில் அலுவலகம். அந்த முக்கால் மணி நேரமும் எங்கள் வாய் ஓயாது. அதிலும் எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் வீட்டுக்காரரே சொல்வார்.

வேன் ஓட்டுகிற அண்ணன் காட்டுப்பாக்கத்துக்காரர். ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். சொந்த வண்டி. அதிகம் பேச மாட்டார். நாங்கள் பேச ஆரம்பித்ததும் ரேடியோ சத்தத்தைக் குறைத்துவிடுவார். நமக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று செய்கிறார், நல்ல மனுஷன் என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம்.

அந்தத் திங்கட்கிழமை வண்டிக்குள் ஒரே புலம்பல். முந்தைய வெள்ளிக்கிழமை நாங்கள் அனுப்பிய ஒரு அப்டேட் பல கடைகளில் கம்ப்யூட்டரையே படுக்க வைத்துவிட்டது. மருந்து வாங்க வந்தவர்கள் வரிசையில் நிற்க, கடைக்காரர்கள் எங்களுக்குப் போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பழையபடி மாற்றிக் கொடுப்பதிலேயே போனது. இது போதாதென்று, போன வாரம் அலுவலகத்தில் ஃப்ளூ தடுப்பூசி முகாம் வேறு. ஊசி போட்டுக்கொண்ட டெஸ்டிங் பெண்ணுக்கு இரண்டு நாள் காய்ச்சல், கையைத் தூக்க முடியவில்லை. நம்ம அப்டேட் வாங்கின கடைக்காரனும் இப்படித்தான் படுத்துக் கிடக்கிறான் என்று லீடர் சொல்ல, எல்லோரும் சிரித்தோம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"ஊசியோ அப்டேட்டோ, ஒண்ணு ரெண்டு போட்டு உடம்பு படுத்துச்சுன்னா அத்தோட நிறுத்திடணும். மிச்சத்தையும் போட்டுக்கிட்டே இருந்தா படுத்துக்கிட்டேதான் இருக்கணும். பாதியில நிறுத்தினா ஒண்ணும் ஆகாது" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

எங்கள் தொழிலில் அது வெறும் வேடிக்கையும் இல்லை. புது அப்டேட்டை எல்லாக் கடைகளுக்கும் ஒரே நாளில் அனுப்ப மாட்டோம். முதலில் கொஞ்சம் கடைகள், ஒன்றும் தகராறு இல்லையென்றால் அடுத்து இன்னும் கொஞ்சம். நடுவில் எங்காவது இடித்தால் யோசிக்காமல் நிறுத்திவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. பாதியில் நிறுத்தத் தெரிந்தவனுக்குத்தான் எங்களிடம் கெட்டிக்காரன் என்று பெயர்.

அடுத்த வாரம் புதன்கிழமை மற்ற இருவரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள். நான் மட்டும்தான். பின்சீட்டில் அண்ணன் ஏதோ கல்யாண வீட்டுப் பாத்திரங்களை ஏற்றியிருந்ததால் முன்னால் உட்கார்ந்தேன். ஐயப்பன்தாங்கல் நெருங்கும்போது வெயில் நேரே முகத்தில் அடித்தது. தலைக்கு மேலிருந்த மறைப்பைக் கீழே இழுத்தேன். அதில் செருகியிருந்த ஒரு சீட்டு என் மடியில் விழுந்தது.

அரசு மருத்துவமனைச் சீட்டு. நாய்க்கடி என்று எழுதியிருந்தது. கீழே நான்கு தேதிகள். முதல் இரண்டுக்கு நேராக டிக் போட்டிருந்தது. மூன்றாவது தேதி போன வாரத் திங்கட்கிழமை. அதற்கு நேராக ஒன்றுமில்லை. நான்காவது தேதிக்கு இன்னும் நாள் இருந்தது.

"அண்ணா, உங்களை நாய் கடிச்சுதா?"

"ஆமா மேடம். வண்டி உடற எடத்துல கெண்டக்கால்ல கட்சிச்சி. ஊசி போட்டுகினேன்" என்றார் ரோட்டைப் பார்த்தபடியே.

"மூணாவது ஊசி போடலையா?"

"ரெண்டாவது போட்டதுக்கே ஜொரம் தூக்கிச்சி மேடம். வெள்ளிக்கெயம வண்டியே எடுக்க முடியல, ஒங்களுக்கு வேற ஆள அனுப்ச்சேனே. அதான் உட்டுட்டேன்." அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "நீங்கதான மேடம் சொன்னீங்கோ? பாதில நிறுத்தனா ஒண்ணியும் ஆவாதுன்னு."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் அந்தத் திங்கட்கிழமை நான் சொன்னது நினைவுக்கு வந்தது. அது கம்ப்யூட்டரைப் பற்றிச் சொன்னது அண்ணா, சும்மா வேடிக்கைக்குச் சொன்னது என்று திக்கித் திணறிச் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு மெல்ல அடங்கியது. "நீங்க மருந்துல வேல பாக்கறவங்கோ. டெய்லி மாத்தர பேரா பேசினு வரீங்கோ. ஒங்களுக்குத் தெரியாதா இன்னா?" என்றார்.

எங்களுக்கு மருந்துகளின் பெயர் தெரியும். எந்த மாத்திரை எந்தப் பெட்டியில், எப்போது காலாவதி, எத்தனை சதவீதம் வரி என்று தெரியும். அதைத்தான் தினமும் வண்டியில் பேசிக்கொண்டு போனோம். அந்த மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்யும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இந்த மனுஷன் ரேடியோவைக் குறைத்து வைத்து இத்தனை நாள் கேட்டது ஒரு அரை டாக்டர் கூட்டத்தின் பேச்சு என்று நினைத்திருக்கிறார்.

வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். கடித்த நாய் எங்கே என்று கேட்டேன். நாய்க்கடி என்றால் நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டும், அதற்குள் அது செத்துப்போனால் வெறிநோய் இருந்திருக்கலாம் என்று எங்கோ கேட்டிருந்தேன். "அது செத்துப்பூட்ச்சி மேடம், ரெண்டு நாள்லயே. எதுனா வண்டி ஏத்தியிருப்பான்" என்றார். அவர் சாதாரணமாகச் சொன்னார். வண்டியைத் திருப்புங்கள் என்று கத்திவிட்டேன். அதுவரை அவரிடம் நான் குரல் உயர்த்திப் பேசியதே இல்லை.

மருத்துவமனையில் கூட்டம். நான் வரிசையைப் பார்க்காமல் நேரே போய் டாக்டர் முன்னால் சீட்டை நீட்டினேன். இளம் பெண் டாக்டர். முதலில் எரிச்சலோடுதான் பார்த்தார். நாய் செத்த விஷயத்தைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஏன் வரவில்லை என்று அண்ணனைக் கேட்டார். அவர் என் பக்கம் பார்த்தார். ஆனால் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சவாரி இருந்துச்சும்மா என்று மட்டும் சொன்னார்.

"நான்தான் காரணம் டாக்டர்" என்று நானே சொன்னேன். வண்டியில் பேசியதை அப்படியே சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. கடித்த அன்று புண்ணிலேயே ஒரு ஊசி போட்டிருக்கிறார்கள், அது நல்லது, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து போட்டுவிடலாம், காய்ச்சல் வந்தால் அதற்கு மாத்திரை இருக்கிறது என்று நிதானமாக விளக்கினார். இனி பயமில்லையா என்று கேட்டேன்.

"அநேகமா ஒண்ணும் ஆகாது. ஆனா இந்த நோய் வந்துட்டா எங்ககிட்ட மருந்து கிடையாது. அதனாலதான் ஒரு நாள்கூட தள்ளிப் போடாதீங்கன்னு சொல்றோம். சில மாசம் கவனிச்சுக்கணும்" என்றார்.

அண்ணனுக்கு ஊசி போட்டு உட்கார வைத்திருந்தபோது அவர் மனைவி வந்து சேர்ந்தார். அண்ணன் போனில் சொன்னதும் வேலை பார்க்கும் இடத்திலிருந்து அப்படியே ஷேர் ஆட்டோவில் ஏறி வந்திருந்தார். மூன்றாவது ஊசிக்குப் போகச் சொல்லி அவர் வீட்டில் சண்டையே போட்டிருக்கிறார். படித்த பெண் சொல்கிறது, உனக்கு என்ன தெரியும் என்று அண்ணன் வாயை அடைத்திருக்கிறார். அந்தப் படித்த பெண் நான்தான் என்று தெரிந்ததும் நேரே என் முன்னால் வந்து நின்றார்.

"எம்மா, ஒங்களுக்கு அது பேச்சு. எனக்கு அவரு ஒர்த்தர்தாம்மா கீறாரு."

சத்தமாகச் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்குள் புருஷன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஊசி போட்ட கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அந்த இடத்தில் எனக்கு வேலையில்லை. வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்று அழுதேன். அழுகையில் பயம் எவ்வளவு, வெட்கம் எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை.

மற்ற இருவரிடமும் சொன்னபோது அவர்களும் ஆடிப்போனார்கள். டெஸ்டிங் பெண், நானும்தானே சிரித்தேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான்காவது ஊசி போட வேண்டிய நாளில் மூன்று பேரும் அவரோடு போனோம். அவருக்கே கூச்சமாகிவிட்டது. பொண்ணு பாக்கப் போறா மாரி இத்தினி பேரா என்றார். அன்று மாலையும் காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டுத் தூங்கி எழுந்து மறுநாள் வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவ்வளவுதான் அந்தக் காய்ச்சல்.

ஆனால் அதற்குப் பிறகு வந்த மாதங்களை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். அந்த நோய் முற்றினால் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இழுத்துக்கொள்ளும் என்று படித்திருந்தேன். படித்திருக்கவே கூடாது. காலையில் வண்டி வந்ததும் முதலில் அவர் பக்கத்திலிருக்கும் தண்ணீர் பாட்டிலைத்தான் பார்ப்பேன். குறைந்திருக்கிறதா? போரூர் சிக்னலில் நிற்கும்போது எடுத்துக் குடிப்பாரா? குடிக்காத நாளில் எனக்கு அலுவலகத்தில் வேலை ஓடாது. ஒரு நாள் அவர் இருமினார். நான் சீட்டைவிட்டு எழுந்தேவிட்டேன்.

அவர் கவனித்திருக்கிறார். ஒரு நாளிலிருந்து, நான் ஏறி உட்கார்ந்ததும் பாட்டிலைத் திறந்து, கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே மடமடவென்று பாதி குடித்துவிட்டு, "எறங்கிச்சி மேடம். கெளம்பலாமா?" என்று கேட்க ஆரம்பித்தார். அவருக்கு அது விளையாட்டு. யாருடைய பேச்சால் அவர் உயிருக்கு ஆபத்து வந்ததோ, அவளுக்கே தினமும் காலையில் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் நாள் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கும் அவர்தான் எங்களை அழைத்துப் போகிறார். அவர் மனைவியைக் காய்கறிக் கடையில் அவ்வப்போது பார்ப்பேன். நல்லா இருக்கியாம்மா என்று கேட்பார், நானும் கேட்பேன். அதற்கு மேல் இருவருமே பேச்சை வளர்ப்பதில்லை. என்னை மன்னித்துவிட்டாரா என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை என்றே தோன்றுகிறது.

இப்போதும் வண்டியில் பேசுகிறோம், சிரிக்கிறோம். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்ல வாயெடுத்தால் மட்டும் பாதியில் நிறுத்திவிடுகிறேன். காலையில் மற்ற இருவரும் ஏறியதும் அலுவலகத்துக்கு ஒரு செய்தி அனுப்புவது என் பொறுப்பு. 'மூன்று பேரும் ஏறியாச்சு' என்று வருடக்கணக்காக அனுப்பிவருகிறேன். இப்போது அதை அனுப்பும் ஒவ்வொரு முறையும், நாங்கள் சொல்வதை எல்லாம் நம்பிக் கேட்டுக்கொண்டு நாலாவதாக ஒருவர் அந்த வண்டியில் எப்போதும் இருந்தார் என்பதும், அவரை நான் ஒருநாளும் கணக்கில் சேர்த்ததில்லை என்பதும் எனக்கு உறைக்கிறது.