அமாவாசையன்று அழ முயன்ற ராஜா

என் மூஞ்சியைப் பார்த்தால் ஊருக்குச் சிரிப்பு வரும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை எவ்வளவு விறைப்பாக நின்றாலும், கேமராவுக்குப் பின்னால் என் தலை தெரிந்தால் போதும், பல் வெளியே வந்துவிடும். தொழிலுக்கு நல்லதுதான். ஆனால் நாற்பதைத் தாண்டியதும், இந்த மூஞ்சிக்குள் வேறு எவனாவது இருக்கிறானா என்று பார்க்க ஆசை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து, சென்னையில் ஒரு கண்காட்சிக்கு, போட்டோக்காரர்கள் தங்களைத் தாங்களே எடுத்துக்கொண்ட படங்களைக் கேட்டிருந்தார்கள். கூத்தில் வருகிற மாதிரி, மகனைப் போரில் பறிகொடுத்துத் தனியே உட்கார்ந்திருக்கும் ராஜாவாக என்னை எடுப்பது என்று முடிவு செய்தேன். ஒரே ஒரு படம். அதில் என்னைப் பார்த்து எனக்கே சிரிப்பு வராமல் இருந்தால் அனுப்பிவிடலாம்.

மாகறல் பக்கம் ஜமா என்று சொல்லும் ஒரு கூத்துக் குழுவில் கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டைகளும் இரவல் வாங்கினேன். எல்லாம் மரம், கண்ணாடித் துண்டு பதித்தது. முதுகுப் பக்கம் கயிறு போட்டு இறுக்க இன்னொரு ஆள் வேண்டும். மனைவிதான் கட்டிவிட்டாள்.

"மூச்சு விட முடியுதா?"

"முடியல."

"அப்ப சரியா இருக்குது" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

ஜன்னல் வெளிச்சம் மட்டும் போதும் என்று நினைத்தேன். அதற்கு ஷட்டர் கொஞ்ச நேரம் திறந்தே இருக்க வேண்டும். பக்கத்து வீட்டிலோ தறி. இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். அங்கே நெய்கிற அண்ணன் பலகையை இழுத்து அடிக்கும்போதெல்லாம் கேமரா நின்ற முக்காலி அதிர்ந்தது. படத்தில் ராஜாவுக்கு நாலு மீசை. துக்கத்தில் இருப்பவனாகத் தெரியவில்லை, குளிர்ஜுரத்தில் இருப்பவனாகத் தெரிந்தான்.

கொஞ்சம் நிறுத்துங்கள் என்று அண்ணனிடம் கேட்டேன்.

"முகூர்த்தப் புடவைப்பா. அமாவாசைக்கு எப்படியும் தறி ஓடாது. அன்னிக்கு எடுத்துக்கோ."

வாஸ்தவம். அமாவாசையன்று எங்கள் தெருவில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். காத்திருந்தேன். தறி ஓடாவிட்டால் தறிக்காரர்களும் சும்மா இருப்பார்கள் என்பது மட்டும் என் மண்டைக்கு எட்டவில்லை.

அமாவாசையன்று மறுபடி மனைவி எல்லாம் கட்டிவிட்டு வேலைக்குப் போனதும், அரிதாரம் பூசி உட்கார்ந்தால், ஜன்னலில் அண்ணன், அண்ணி, எதிர்வீட்டு மாமா. வந்த வெளிச்சமும் போச்சு.

"இன்னா வேஷம்?" என்றார் மாமா.

"மகன் செத்துட்டான். ராஜா அழுதுக்கினு இருக்கறாரு."

"அழறியா? நான் ஏப்பம் வர்லன்னு நெனச்சேன்."

"சும்மா இருங்க மாமா, பாவம்" என்றாள் அண்ணி. "ஏம்பா, நீ கட்டியக்காரன் வேஷம் கட்டேன். உனக்கு அரிதாரமே வேணாம்."

கட்டியக்காரன் கூத்தில் சிரிப்பு மூட்டுகிறவன். வேறு நாளாக இருந்தால் அதை நானே முந்திக்கொண்டு சொல்லியிருப்பேன். அன்று சுருக்கென்று தைத்தது.

"மனுஷன ஒருநாள் அழ விடமாட்டீங்களா? போங்க எல்லாரும்" என்று கத்திவிட்டேன்.

போய்விட்டார்கள். வெளிச்சம் வந்தது. எடுத்தேன், எடுத்தேன், எடுத்துக்கொண்டே இருந்தேன். எல்லாவற்றிலும் பந்தியில் பாயசம் கிடைக்காத ராஜா.

மத்தியானத்துக்குள் கயிறு தோளை அறுத்தது. வியர்வையில் அரிதாரம் கண்ணுக்குள் இறங்கி, எரிச்சலில் கண்ணீர் கொட்டியது. முதுகு முடிச்சுக்குக் கை எட்டவில்லை. மனைவி போனை எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த கை அண்ணனுடையதுதான், சற்றுமுன் நான் விரட்டிவிட்ட அதே அண்ணன்.

போய்க் கதவைத் தட்டினேன். திறந்தவர் என் முகத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார்.

"இன்னாப்பா ஆச்சு? வீட்ல யாருக்காச்சும் எதனா...?" குரலே இறங்கிவிட்டது. அண்ணி பதறிக்கொண்டு தண்ணீர் எடுத்துவந்தாள்.

அவர் பார்த்துக்கொண்டிருந்த முகம்தான் நான் தேடியது. அது அங்கே இருந்தது, கேமரா என் வீட்டில் இருந்தது.

"அண்ணே, இப்படியே இருங்க. கேமராவ எடுத்துக்கினு வந்துடறேன்."

அண்ணன் ஒரு நொடி என்னையே பார்த்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அண்ணி சொம்போடு சுவரில் சாய்ந்துகொண்டாள். அடக்கிப் பார்த்தேன், நானும் சிரித்துத் தொலைத்தேன். கண்காட்சிக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சவில்லை.

"திரும்புப்பா, முடிச்ச அவுக்கறேன்" என்றார். திரும்பி உட்கார்ந்தேன். சிரிப்பில் கை நடுங்கி, அவருக்கு முடிச்சே பிடிபடவில்லை.