கூரைக்கு வெளியே லைபிஷ் கட்ஸ்

"மேல்மாடிக்குப் போனீங்களா? போகலையா? அப்புறம் எதுக்கய்யா டிக்கெட் வாங்கினீங்க?"

எங்கள் யூத அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வருகிறவர்களை நடைபாதையில் மறித்து இப்படிக் குறுக்கு விசாரணை செய்கிறவர் லைபிஷ் கட்ஸ். ஞாயிறு தவறாமல் வருவார். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்வார். ஆனால் ஒருநாள்கூட உள்ளே வந்ததில்லை. மெல்பர்ன் மழை சாய்த்து அடித்தாலும் வாசல் தாழ்வாரத்துக்குக்கூட ஒதுங்கமாட்டார்.

உள்ளே ஒரு குடுவையில் வதைமுகாமில் எரிக்கப்பட்டவர்களின் சாம்பல் இருக்கிறது. கட்ஸ் ஒரு கோஹன், பழைய யூத ஆலயப் பூசாரிகளின் வம்சம். இறந்தவர்கள் இருக்கும் கூரையின் கீழ் கோஹன் நிற்கக் கூடாது. மற்ற கோஹன்களில் பலர் உள்ளே வந்து சுற்றிப் பார்த்து, காப்பியும் குடித்துவிட்டுத்தான் போகிறார்கள். இவர் மட்டும் அப்படியொரு பிடிவாதம்!

"ஜன்னி வந்து சாகப்போறே லைபிஷ்!" என்று டிக்கெட் மேசையிலிருந்து கத்துவேன்.

"செத்தா நல்லதுதானே ஃப்ரூமா! செத்த கோஹனுக்கு ஏது தடை? நேரா உள்ள வந்துடுவேன்."

ஆள் சட்டைக்கடை முதலாளி. வாங்க வருகிறவர்களின் காலரைத் தானே நீவிச் சரிசெய்து அனுப்புவார். அவருடைய சட்டையோ பாதி வெளியே தொங்கும். கழுத்துப் பொத்தான் திறந்தே கிடக்கும், குல்லாய் ஒரு காதுப்பக்கம் சரிந்திருக்கும். கேலி செய்தால், "அதட்டிச் சொருகிவிட எனக்கு யார் இருந்தா?" என்பார். இரண்டாம் உலகப் போருக்கு முன் கைக்குழந்தையாக மாமாவோடு கப்பலேறியவர். அம்மா போலந்தில், ராடோம் ஊரிலேயே தங்கிவிட்டாள். மாமாவிடம் படம் எதுவும் இல்லை. அம்மா முகம் எப்படியிருக்கும் என்றே அவருக்குத் தெரியாது.

போன ஞாயிறு ராடோம் பெண்கள் பாட்டுக்குழுவின் புகைப்படம் ஒன்று மேல்மாடிச் சுவரில் புதிதாக ஏறியது. பின்னால் பெயர்கள் எழுதியிருந்தன. அதில் ஒன்று கிட்டல் கட்ஸ், லைபிஷின் அம்மா.

ஓடிப்போய்ச் சொன்னேன்.

"புதன்கிழமை வா, நகல் எடுத்துத் தர்றேன்."

"அறுபது வருஷம் பொறுத்துட்டேன் ஃப்ரூமா. புதன்கிழமை வரைக்கும் என்னால முடியாது."

வேலை போனால் போகட்டும் என்று மாடியேறிப் படத்தைச் சட்டத்தோடு கழற்றிக் கீழே கொண்டுவந்தேன். படம் வாசலைத் தாண்டினால் எச்சரிக்கை மணி ஊரைக் கூட்டிவிடும்.

"பக்கத்து ஜன்னலுக்கு வாய்யா! அங்க தாழ்வாரம் இல்ல!"

மழையில் ஓடிவந்தார். படத்தைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து, இரண்டாம் வரிசையில் இருந்த அவர் அம்மாவின் முகத்துக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினேன்.

அவர் பார்க்கவில்லை. சட்டென்று ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டார். சட்டையை அவசர அவசரமாக உள்ளே சொருகினார். கழுத்துப் பொத்தானைப் போட்டார். குல்லாயை நேராக்கினார்.

அப்புறம்தான் திரும்பினார்.