மூன்றாம் வரியில் ஒரு மூச்சு

எங்கள் பாடகர் குழுவுக்கு ஆர்கன் வாசிப்பவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். வாரம் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து எள்ளளவு திருகாணிகளை முடுக்குவார். ஞாயிறன்று ஆலயத்தில் ஆர்கன் முன்னால் உட்காருவார். இரண்டு இடத்திலும் விரல்தான் அவருக்கு எல்லாம். அதில் தலைக்கனமும் கொஞ்சம் உண்டு. யாராவது சுருதி தப்பினால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், அன்றைக்கு நமக்குச் சோறு இறங்காது.

அந்தப் பார்வைக்குத் தப்பிய ஒரே ஆள் அவருடைய தங்கை. தனிக்குரல் எப்போதும் அவளுக்குத்தான். நீளமான பாட்டுகளில் மூன்றாம் வரி நடுவே அவளுக்கு மூச்சு வாங்கும். அண்ணன் கை அங்கே தானாக நிற்கும். அவள் மூச்சை இழுத்துக்கொண்டதும் நகரும். சொல்லி வைத்துச் செய்ததில்லை, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

போன வருடம் அவருடைய இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் மரத்துப்போயின. நரம்புக் கோளாறு, இனி சரியாவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "கை முடியலை" என்று எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மனுஷனுக்கு வாய் வரவில்லை. ஒரு மிடி சீக்வென்சரை வாங்கி வீட்டுக் கீபோர்டில் இணைத்தார். அந்தப் பெட்டி சத்தத்தைப் பதிவதில்லை. எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு அழுத்தி, எப்போது விட்டோம் என்பதைத்தான் பதியும். பிறகு ஆர்கனில் செருகினால், ஆர்கன் அதை அப்படியே வாசிக்கும். இடது கைப் பகுதிகளையெல்லாம் வலது கையால் வாசித்துப் பதிந்துகொண்டார். ஞாயிறன்று வலது கை நிஜமாக வாசிக்கும், இடது கை சத்தம் அடைத்த கீழ்வரிசைக் கட்டைகளின் மேல் நடிக்கும். பெட்டி எதற்கு என்று கேட்டோம். "ஆர்கன் கொஞ்சம் கனமா கேக்கும்" என்றார். நம்பினோம்.

பெட்டிக்குக் காத்திருக்கத் தெரியாது. மூன்றாம் வரியில் ஓர் இடைவெளி விட்டுப் பதிந்து பார்த்தார். தங்கையின் மூச்சோ ஒரு வாரம் போல் மறுவாரம் இல்லை. இடைவெளியை எடுத்துவிட்டார். நாங்கள் சீக்கிரமே பெட்டியோடு ஓடப் பழகிக்கொண்டோம், தாளம் கச்சிதமாகிவிட்டது என்று பீற்றிக்கொள்ளவும் செய்தோம். அவள் மட்டும் ஒவ்வொரு வாரமும் பின்தங்கினாள்.

ஒருநாள் ஒத்திகை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் அண்ணனிடம் வந்து நின்றாள்.

"அண்ணா, நீ சரியாத்தான் வாசிக்கிற. என்னாலதான் கூட வர முடியலை. என் குரல் போயிடுச்சுன்னு நினைக்கிறேன். இனிமே வேற யாராவது பாடட்டும்."

அவர் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையாட்டினார்.

அதற்கப்புறம் நடந்ததை அவரே பின்னால் எங்களிடம் சொன்னார். தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார். சமையலறையில் அவள் தன் கண்ணாடியைக் கழற்றி, காது பக்கம் ஆடுகிறது, முடுக்கிக் கொடு என்று நீட்டியிருக்கிறாள். இடது கைப் பிடியிலிருந்து கண்ணாடி நழுவ, திருகாணி தெறித்தது. கீழே விழுந்து உருண்டதை அவளே தேடி எடுத்து, கத்தி முனையால் முடுக்கிக்கொண்டாள். அப்போதுதான் இவருக்கு வாய் திறந்தது. கையையும் பெட்டியையும் பற்றி ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டார்.

"கை விஷயம் எனக்குத் தெரியும். நீ டம்ளரைப் பிடிக்கிறதைப் பாத்தாலே தெரியுதே. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள். "உன் இடது கைக்குப் பெட்டிதான் வாசிக்குதுன்னு தெரியாது. நெஞ்சுல ஏதோ கோளாறுன்னு பயந்து போய் எக்ஸ்ரே எல்லாம் எடுத்தேன். ஒண்ணும் இல்லைன்னாங்க. அப்போ பாட்டுதான் என்னை விட்டுப் போயிடுச்சுன்னு நினைச்சு அழுதேன். கையை மறைச்சே, சரி. குரல் போச்சுன்னு நான் சொன்னப்போ தலையாட்டினியே அண்ணா."

அவர் கிளம்பும்போது அவள் வாசல் வரை வரவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் பெட்டியை எங்கள் நடுவே மேசையில் வைத்தார். எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பெருமை பேசிய நாங்களும் தலை நிமிரவில்லை. ஆராதனை தொடங்கியதும் போய் உட்கார்ந்து, இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் வாசிக்க ஆரம்பித்தார். கூட்டம் மொத்தமும் அந்த மடியையே பார்த்தது.

மூன்றாம் வரியின் நடுவில் அவர் கை நின்றது. எங்களுக்கு நிற்கத் தெரியவில்லை. பெட்டியின் வேகத்திலேயே மேலே பாடிக்கொண்டு போய், ஆர்கன் கேட்காததால் ஒவ்வொருவராகத் தடுமாறி நிறுத்தினோம். அவர் கையைத் தூக்கியபடி காத்திருந்தார். தங்கை நிற்கும் இடம் காலியாக இருந்தது. நாங்கள் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டோம்.