நிமிர்த்தி வைக்காத துண்டு

மருத்துவமனை கேன்டீனில் ஒரு பேச்சு அடிபட்டது. திசுப் பரிசோதனைக் கூடத்து மெழுகு அக்கா, தன் புருஷனின் ஸ்லைடை எடுத்துவிட்டு வேறு யாரோ ஆரோக்கியசாலியின் ஸ்லைடை வைத்துவிட்டாராம். வதந்திக்கு உணவுக்குழாய் கிடையாது. வாயில் போட்டால் நேரே வயிற்றுக்குப் போய்விடும். ஒருவராவது மென்று பார்க்கட்டுமே என்று கிளம்பினேன்.

பட்டப்பெயர் தொழிலால் வந்தது. டாக்டர் கிள்ளித் தரும் அரிசி அளவு சதையை உருக்கிய மெழுகில் பதித்து, உறைந்ததும் வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவுவார். இருபத்திரண்டு வருஷம். இதில் சூட்சுமம் ஒன்றுதான்: துண்டை நிமிர்த்தி வைக்க வேண்டும். உணவுக்குழாயின் உட்புறம் தட்டைச் செல்கள் அடுக்கடுக்காக இருக்கும், சோற்றின் உரசலைத் தாங்க. வயிற்றில் உயரமான செல்கள் ஒற்றை வரிசையாக நிற்கும், அமிலத்துக்குப் பயந்து மேலே கோழையைப் பூசிக்கொண்டு. புற்று எல்லை தாண்டிக் கீழே இறங்கியதா என்பது துண்டு நின்றால்தான் தெரியும். படுத்துவிட்டால் கத்திக்கு மேல்பூச்சு மட்டுமே சிக்கும்.

புருஷன் பஸ் டிரைவர். இருபது வருஷமாக நெஞ்செரிச்சல் மாத்திரையை மிட்டாய் மாதிரி மென்றவர். "உள்ளயே அடுப்பு எரியுதுடி, உனக்கு கேஸ் மிச்சம்" என்பார். சோறு நெஞ்சிலேயே நிற்க ஆரம்பித்த பிறகுதான் அக்காவால் அவரை இழுத்து வர முடிந்தது.

ரெக்கார்டு அறைக்காரர் மெழுகுக் கட்டியையும் ஸ்லைடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டிலும் துண்டின் வடிவம் அச்சு அசல். ஆள்மாறாட்டம் இல்லை. ஆனால் ரிப்போர்ட்டில் ஒரு வரி இருந்தது: ‘துண்டு படுத்துள்ளது. ஆழம் தெரியவில்லை. மீண்டும் எடுக்கவும்.’

அக்காவிடமே கேட்டேன்.

"நம்பர் மட்டும்தான் ஒட்டியிருக்கும் சார். ஆனா அந்த நம்பர் எனக்கு மனப்பாடம்."

"தெரிஞ்சே படுக்க வச்சீங்களா?"

"நிமிர்த்தி வச்சா தெரிஞ்சிடுமே." கையைப் பார்த்துக்கொண்டார். "வேணும்னே செஞ்சேன்னும் சொல்ல முடியல, தவறிப்போச்சுன்னும் சொல்ல முடியல."

வீட்டில் புருஷன் சிரித்திருக்கிறார். "நீ சொதப்பினதுக்கு நான் எதுக்குடி மறுபடி குழாய முழுங்கணும்?" அக்காவும் கூடச் சிரித்துவிட்டார். நாலு மாசம் போனது.

இரண்டாம் துண்டு ஒரு சனிக்கிழமை வந்தது. அக்கா அதைத் தொடவில்லை. திங்கள்வரை பொறுக்கவும் முடியவில்லை. ஸ்லைடுக்குச் சாயம் போடும் சகஊழியரிடம் கெஞ்சினார். "நாளைக்கு உங்க லீவுதான், தெரியும் தம்பி. பதிலுக்கு உங்க டூட்டி ஞாயிறு ஒண்ணை நான் பாக்கறேன்." அவர் வந்தார். நிமிர்த்தி வைத்தார், சீவினார், ஊதாவும் இளஞ்சிவப்பும் ஏற்றினார். செல்கள் எல்லைக் கோட்டை உடைத்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தன. பதினோராவது வாரம் டிரைவர் போய்விட்டார்.

முதல் துண்டு நின்றிருந்தால்? டாக்டரைக் கேட்டேன். "நாலு மாசம் முன்னாடின்னா அறுத்து எடுத்திருக்கலாம். எடுத்திருந்தாலும்..." என்று நிறுத்தினார். அக்கா கேட்டபோதும் அங்கேதான் நிறுத்தினாராம்.

இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் அக்கா சாயக்காரரின் மேஜைக்குப் போகிறார்.

"தம்பி, இந்த ஞாயிறு நான் வரட்டுமா?"

"அட விடுங்கக்கா, அதுக்கு என்ன அவசரம்? வீட்ல ரெஸ்ட் எடுங்க."

நல்ல மனுஷன். ஞாயிற்றுக்கிழமை அந்த வீடு எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்த ஒரு ஞாயிறு இன்னும் பாக்கி.