ஹென்டர்சன் வரை ஓர் ஒத்திகை

யாராவது பேய்க்கதை தொடங்கினால் எழுந்து போய்த் தேநீர் போடுகிறவள் நான். மின்பொறியியல் படித்தவள். எதற்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இந்த ஒன்றுக்குத்தான் கிடைக்கவில்லை. நீங்கள் நம்பாவிட்டால் கோபிக்க மாட்டேன், உங்கள் இடத்தில் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நானும் அம்மாவும் மட்டும். அக்கா பாரிஸில், மாமா சூரிச்சில். தம்பி சுதன் கள்ளவழியில் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனோடு ஜெர்மனிக்குப் புறப்பட்டவன், ஒரு டிசம்பர் மாதம் பிராக் ரயில் நிலையத்திலிருந்து போன் எடுத்து, நாளைக்கு எல்லை தாண்டுகிறோம் என்றான். அதோடு சரி. வருடங்கள் போயும் அவன் படத்தை மாட்ட அம்மா விடவில்லை. "என்ர பிள்ளை எங்கயோ இருக்கிறான்" என்பார். பாரிஸ், சூரிச் என்று நான் ரயில் பயணம் திட்டமிட்டபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்த பிராக் ஸ்டேஷனில ஒருக்கா இறங்கிப் பாக்கவேணும்." சேர்த்துக்கொண்டேன். வெறும் மேடையை நேரில் பார்த்தாலாவது மனம் ஆறும் என்பது என் கணக்கு.

அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். ஐரோப்பாவில் பல இடங்களில் மேடை தாழ்வு, ரயிலும் அதிகம் நிற்காது என்று வாசித்திருந்தேன். நாங்கள் ரயில் ஏறும் நியூ லின் நிலையத்து மேடையும் தாழ்வுதான். அதனால் ஒரு சனிக்கிழமை மத்தியானம், கொட்டுகிற மழையில், இரண்டு சூட்கேஸ்களிலும் அரிசிப் பைகளை அடைத்து, சில நிலையங்கள் தள்ளியிருந்த ஹென்டர்சன் வரை ஒத்திகைக்குக் கூட்டிப்போனேன்.

"அரிசியை ஊர்வலம் கொண்டுபோறியளோ எண்டு ஆரும் கேட்டா என்னடி சொல்லுறது?"

"பேசாம வாங்கோ அம்மா. முதல்ல சின்னப் பெட்டி, பிறகு பெரிசு, கடைசியா நீங்கள்."

ஹென்டர்சனில் சின்னப் பெட்டியோடு இறங்கித் திரும்பினேன், கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் அம்மாவின் முகம் நகர்ந்து போனது. இத்தனைக்கும் எல்லாம் யோசித்து வைத்தவள் நான். ஒரு டாக்சி பிடித்து அடுத்த நிலையத்துக்குப் போனால், மழைக்கூரைக்குக் கீழே பெஞ்சில் அம்மா அமைதியாக உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் பெரிய சூட்கேஸ். நானே இரண்டு கையாலும் இழுக்கிற சுமை அது.

"ஆரம்மா இறக்கி விட்டது?"

"சுதன்."

"என்ன சொன்னவன்?" என்று மட்டும் கேட்டேன், ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியாது.

"ஒண்டும் கதைக்கேல்லை. பெட்டியை இறக்கி வைச்சிட்டுக் கையைப் பிடிச்சு என்னை இறக்கினவன். குளிருதோடா எண்டு கேட்டன். ஓம் எண்டு தலையாட்டினவன்."

பயத்தில் மனம் எதையோ காட்டியிருக்கும், யாரோ ஒரு பையன் உதவியிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் திரும்பிப் போன ரயிலில், அம்மாவைக் கொண்டுபோன ரயிலில் வந்த அதே ரயில் கார்ட் இருந்தார். விசாரித்தேன். அந்த நிலையத்தில் இறங்கியது அம்மா ஒருவர்தானாம். பெட்டியைத் தூக்கிக் கொடுக்க அவர் ஓடி வருவதற்குள் அது மேடையில் இருந்ததாம். உங்கள் அம்மா இப்படித்தான் இறங்கினார் என்று வலது கையை வெறும் காற்றில் உயர்த்தி, யாரிடமோ கொடுப்பதுபோலக் காட்டினார். சிரித்துக்கொண்டுதான் காட்டினார். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

நியூ லினில் விட்டிருந்த காரில் வீட்டுக்கு வரும்போது அம்மா சொன்னார், "பிராக் வேண்டாம் பிள்ளை."

"ஏனம்மா? அதுக்காகத்தானே…"

"அங்க ஆரைப் பாக்க?"

வீட்டுக்கு வந்ததும் ஆல்பத்திலிருந்து அவன் படத்தை உருவி, அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் தானே வைத்து விளக்கேற்றினார். அழவில்லை. நான்தான் குளியலறைக்குள் போய் அழுதேன். பிறகு பாரிஸும் சூரிச்சும் போய் வந்தோம், எல்லா ரயிலும் நேரத்துக்குப் பிடித்தோம்.

நான் சொல்ல வந்தது அந்தப் பயணத்துக்கு முன் நடந்த ஒன்றை. ஒத்திகைக்கு மறுநாள் அம்மாவின் வலது மணிக்கட்டு சிவந்து கொப்பளித்திருந்தது. நீளமாக நாலு தடம், உட்பக்கம் ஒன்று. த்ரீ கிங்ஸ் பகுதியில் இருக்கும் எங்கள் டாக்டர் நெடுநேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, சமீபத்தில் பனி விழும் நாட்டுக்கு எங்கேயும் போய் வந்தீர்களா என்று கேட்டார். ஆக்லாந்தை விட்டே போகவில்லை என்றேன். இது கடுங்குளிர் பட்டு வெந்த புண் என்றார், ஃப்ரீசரில் கையை வைத்தீர்களா என்றும் கேட்டார். அம்மா சட்டைக்கையை இழுத்து மூடிக்கொண்டார்.

புண் ஆறிவிட்டது. ஆனால் ஜனவரி வெயிலில் வீடே வேகும்போதும் அந்த இடம் மட்டும் சில்லென்று இருக்கிறது. வீதியைக் கடக்கும்போது அம்மா பழக்கத்தில் வலது கையைத்தான் நீட்டுவார். நான் சுற்றிப் போய் மற்றக் கையைப் பிடித்துக்கொள்வேன்.