ஒரே வசனத்தில் செத்து எழும்பினோம்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கோணலாய்த்தான் வரும். எது முந்தி, எது பிந்தி என்பதும் மறந்துபோகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் வங்காலையில் கோயில் திருநாளுக்குக் கிட்டப் பிறந்த பெண்பிள்ளைகளுக்கெல்லாம் அந்தப் புனிதையின் பெயர்தான். எங்கள் கருவாட்டுச் சங்கத்திலும் என் பெயரில் பலர். எங்களுக்குள் கிணற்றடிக்காரி, பனையடிக்காரி என்று பிரித்துச் சொல்வோம். கொம்பியூட்டருக்கு அது தெரியாது.

தவக்காலத்தில் அந்தப் பெயர்க்காரிகளில் ஒருத்தி மோசம் போனாள்; அடக்கம் பண்ணினோம். அடுத்த கிழமை பார்த்தால், நான் மீன் காயப்போடும் பரணில் வேறொருத்தியின் கட்டா மீன் காய்கிறது. சங்கம் கொடுத்ததாம்.

ஆட்களுக்கு முன் வாய் திறக்கிறவள் இல்லை நான். ஆனாலும் சங்கக் கந்தோருக்குப் போனேன். கிளாக்கர் திரையைப் பார்த்தார்; பிறகு என்னைப் பார்த்தார்.

"அம்மா, இதில நீங்கள் மோசம் போயிட்டியள். உயிரோட இருக்கிறியள் எண்டு கிராம சேவகரிட்ட ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வாங்கோ."

"நான் ஏன் கொண்டுவர? செத்ததெண்டு சொன்னது நீங்கள். அதுக்கு நீங்கள் கடிதம் காட்டுங்கோ."

கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டேன்.

"உயிர்த்த ஞாயிறு வர முந்தியே எழும்பிட்டா, பாருங்கோ!" என்றாள் வாசலில் நின்ற ஒருத்தி.

புரோகிராம் எழுதிய உப்புக்குளத்துப் பிள்ளையைக் கூப்பிட்டார்கள். அவள்தான் விளங்கப்படுத்தினாள். முன்பு ஒருத்தியின் விவரத்தை மாற்ற பரண், ஐஸ் பங்கு, அங்கத்துவம் என்று ஒவ்வோரிடமாகத் திறக்க வேண்டும். கிளாக்கர் ஒன்றை மாற்றி ஒன்றை மறப்பார். அதனால் புரோகிராமுக்குள்ளேயே எஸ்கியூஎல் என்ற மொழியில் வசனங்களைப் பதித்துவிட்டாளாம். ஒரு பொத்தானை அமத்தினால் எல்லா இடமும் சேர்ந்து மாறும்.

"ஆரை மாத்திறதெண்டு பேரை வச்சுத் தேடச் சொல்லிட்டன், அம்மா. அதுதான் பிழை. ஒராள் சாக, அந்தப் பேருள்ள எல்லாரையும் அது செத்ததாக்கிட்டுது."

பெயரை எடுத்துவிட்டு அங்கத்துவ இலக்கத்தைப் போட்டாள். எனக்கு உயிர் வந்தது.

"சரி, இனி வீட்டை போங்கோ" என்றார் கிளாக்கர்.

"மற்ற ஆக்கள்?"

"அவையள் வந்து கேக்கட்டும்."

"சாகடிக்கேக்க எல்லாரையும் ஒண்டாத்தானே சாகடிச்சனீங்கள்? எழுப்பேக்க மட்டும் ஏன் தனித்தனியா?"

நான் எழும்பவில்லை. அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே ஒவ்வொரு இலக்கமாக அடித்தாள். உண்மையாகவே போனவளை மட்டும் அப்படியே விட்டோம். அவளுக்காக அங்கேயே ஒரு செபம் சொன்னேன். பின்னேரம் பரணிலிருந்து கட்டாவை இறக்குவித்து, என் மீனைப் பரப்பினேன்.

ஐஸ் பங்கும் அந்தப் பொத்தானில் சேர்ந்ததா என்பது நினைவில்லை. உப்புக்குளத்துப் பிள்ளையிடம் யாராவது கேட்டுச் சரிபாருங்கள். நான் உயிரோடு இருக்கிறேனா என்பதை மட்டும் யாரிடமும் கேட்கத் தேவையில்லை.