இன்டர்வெல்லில் எடுத்த பைட்

மைக் பிடிக்கப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு.

"படம் எப்படிண்ணா இருக்கு?" என்று கேட்க என்ன அனுபவம் வேண்டும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பத்தாவதில் கணக்கும் அறிவியலும் சேர்ந்து என்னைக் கைவிட்ட வருடம், தியேட்டர் வாசலில் நின்று இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் சம்பளம் தருவதாகச் சொன்னார்கள். வந்துவிட்டேன். நாலு வருடம் ஆயிற்று. இந்தத் தொழிலில் நாலு வருடம் என்றால் பென்ஷன் வயது. என்னோடு சேர்ந்தவர்களில் ஒருத்தன் சாப்பாடு டெலிவரிக்குப் போனான். இன்னொருத்தன் ஹீரோ ஆகப் போகிறேன் என்று கிளம்பினான், இப்போது அவனும் சாப்பாடு டெலிவரிதான். ஆகவே சீனியர் நான். கேட்டுக்கொள்ளுங்கள்.

1. முதல் நாள் பாடம்

எங்கள் யூடியூப் சேனல் ஆபீஸ் மேற்கு மாம்பலத்தில், ஒரு மாவு மில்லுக்கு மேலே இருக்கிறது. ஓனர் தினா அண்ணன். தலையில் எப்போதும் லேசாக மாவு படிந்திருக்கும், கேட்டால் நரை என்பார். முதல் நாள் என் கையில் மைக்கைக் கொடுத்துச் சொன்னார்:

"மச்சி, படம் முடிஞ்சப்புறம் ரிவ்யூ போடறவன் லூசு. இன்டர்வெல்லுல பைட் எடு. பாப்கார்ன் தீர்றதுக்குள்ள அப்லோட் பண்ணு. படம் முடிஞ்சு ஜனம் வெளிய வரும்போது நம்ம வீடியோவ பாத்துகினே வரணும்."

பைட் என்றால் ஒருவர் பேசியதில் நாம் வெட்டி எடுக்கும் பத்து செகண்டுத் துண்டு.

"கிளைமாக்ஸ் நல்லா இருந்துச்சுன்னா இன்னா பண்றதுண்ணே?"

"அது டைரக்டருக்கு நல்லது. நமக்கு இன்னா?"

அன்றிலிருந்து வாராவாரம் இதே வேலை. டைட்டில் ஓடும்போது உள்ளே இருப்பேன், பிறகு பாப்கார்ன் கவுண்டர் பக்கம் வந்து மொபைல் சார்ஜ் போடுவேன். இன்டர்வெல் மணி அடித்ததும் பாய்வேன். நாலு வருடத்தில் எத்தனையோ படத்துக்குத் தீர்ப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சமீபம் வரை ஒரு படத்தின் முடிவுகூட எனக்குத் தெரியாது. யார் கொலைகாரன், யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள், ஒன்றும் தெரியாது.

2. கருத்து சொல்கிறவர்கள்

இவர்களைப் பற்றிப் பேசினாலே எனக்கு மண்டை காயும். இன்டர்வெல்லில் நின்றுகொண்டு, "செகண்ட் ஹாஃப் கொஞ்சம் லேக் ப்ரோ" என்பார்கள். செகண்ட் ஹாஃபே இன்னும் வரவில்லையே என்று கேட்டால், "வரும் ப்ரோ" என்பார்கள்.

ஒருமுறை மயிலாப்பூரில் ஒரு ஹாலில் ஆவணப்படம் போட்டார்கள். ஏரிகளைப் பற்றியது. பாதியில் வெளியே வந்த மாமா ஒருவரிடம் மைக்கை நீட்டினேன்.

"டாக்குமெண்டரி நன்னா எடுத்திருக்கா. ரொம்ப முக்கியமான விஷயம்."

"எது மாமா பிடிச்சிது?"

"போண்டா."

"படத்துல மாமா."

"அத அப்பறம் பாத்துக்கலாம்டா. மொதல்ல சட்னி எங்க வச்சிருக்கான்னு கேட்டுண்டு வா."

இதையும் அப்லோட் செய்தோம். ஏரியை எடுக்க அந்த மனிதர் என்ன பாடுபட்டாரோ, எங்கள் சேனலில் ஓடியது சட்னிதான்.

3. குடம் படம்

இப்போது நான் சொல்ல வந்த வெள்ளிக்கிழமை. தி.நகரில் இரண்டு ஸ்கிரீன் உள்ள ஒரு பழைய தியேட்டர். பெரிய ஸ்கிரீனில் பெரிய ஹீரோ படம். சின்ன ஸ்கிரீனில் யாருக்கும் தெரியாத ஒரு படம், பத்து மணிக் காட்சி. பெரிய படத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டு என்னைச் சின்னதற்குத் தள்ளியிருந்தார் தினா அண்ணன். அந்தக் கடுப்பு எனக்கு ஏற்கெனவே இருந்தது.

உள்ளே பதினாலு பேர். கதை என்னவென்றால், ஆற்றோரக் குடிசைப் பகுதியில் ஒரு அம்மா தண்ணீர் லாரிக்கு லைனில் நிற்கிறார். குடம் பிடிக்கிறார். சண்டை போடுகிறார், சிரிக்கிறார். மறுநாளும் நிற்கிறார். மறுபடி குடம். இது எனக்குத் தெரிந்ததே இன்டர்வெல்லில் ஜனம் சொல்லித்தான்.

பஷீர் பாய் வெளியே வந்தார். ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால் டெய்லர் கடை வைத்திருப்பவர். வெள்ளிக்கிழமை காலையில் கடை கிடையாது, ஜும்மா தொழுகை முடிந்துதான் திறப்பார். அதுவரை என்ன படம் ஓடினாலும் ஏசியில் வந்து உட்காருவார். பேச ஆரம்பித்தால் பைட் தானாகக் கொட்டும்.

"பாய், படம் எப்படி?"

"நைனா, கொடம் கொடமா தண்ணி புடிக்குது அந்தம்மா. பாத்து பாத்து எனக்கு பாத்ரூம் வந்துடுச்சு. வழி வுடு!"

தங்கம். அவர் பாத்ரூமிலிருந்து திரும்புவதற்குள் வீடியோ ஏறிவிட்டது. ஆபீஸில் எடிட்டர் தம்ப்நெயில் என்கிற முகப்புப் படத்தில் பாயின் முகத்தையும் அதன் பக்கத்தில் ஒரு டாய்லெட் படத்தையும் வைத்தார். மேலே மஞ்சள் எழுத்தில் 'பாத்ரூம் வந்துடுச்சு!'

கால் மணி நேரத்தில் பக்கத்து டீக்கடையில் இரண்டு பேர் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆமாம், பெருமைதான். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அப்போது ஒரு பெண் என் எதிரே வந்து நின்றார். முப்பது வயதிருக்கும்.

"இந்த வீடியோ நீங்க எடுத்ததா?"

"ஆமா மேடம். நல்லா போவுதுல்ல?"

"நான்தான் படத்தோட டைரக்டர். நிர்மலா."

நான் மைக்கை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன், அது ஏதோ ஒளிக்கக்கூடிய சாமான் மாதிரி.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசிச் சமாளித்திருப்பேன். ஆறு வருடம் அலைந்து எடுத்த முதல் படம். தியேட்டர் மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டாராம்: மாலைக் காட்சியில் இருபது பேராவது உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாளை முதல் இந்த ஸ்கிரீனும் பெரிய படத்துக்கு.

"டிக்கெட்ட நாமளே வாங்கிட்டாலும் ஒத்துக்க மாட்டாராம். இன்டர்வெல்லுல உள்ள வந்து தலைய எண்ணுவாராம், எங்க யூனிட் ஆளுங்க கணக்கு கிடையாதாம். ஏழு பேர் புக் பண்ணியிருந்தாங்க. உங்க வீடியோ வந்தப்புறம் நாலு பேர் கேன்சல்."

பிறகு கேட்டார்: "நீங்க படம் பாத்தீங்களா?"

"பாதி பாத்தேன் மேடம்."

அதுவும் பொய். நான் பார்த்தது அவர் பெயர் வந்த டைட்டில் வரைக்கும்தான்.

4. பாய் பேச்சை மாற்றினார்

படம் முடிந்து பதினாலு பேரும் வெளியே வந்தார்கள். யாரும் பேசவில்லை. என் தொழிலில் அது கெட்ட சகுனம். பேசாத ஜனத்தை வைத்து என்ன வெட்டுவது?

பஷீர் பாய் நேராக என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது.

"மைக்க குடுடா. நான் சொன்னது தப்பு. வேற சொல்றேன்."

"பாய், உங்க பைட் சூப்பரா ஓடுது. இதோ பாருங்க."

மொபைலைப் பார்த்தார்.

"என் மூஞ்சி பக்கத்துல கக்கூஸ வச்சது எவன்டா?"

"எடிட்டர் பாய்."

"அவனுக்கு இனிமே பேன்ட் தச்சா ஜிப்பு வைக்க மாட்டேன், சொல்லிடு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஒரு கை மட்டும் வச்ச சட்டய ட்ரையலுக்கு மாட்டிகினு, சட்ட சரியில்லன்னு சண்ட போடுவானுங்க கஸ்டமருங்க. எனக்கு அப்டியே கத்திரிக்கோலால குத்தலாமான்னு வரும். இன்னிக்கி நானே அந்தக் கஸ்டமரு ஆயிட்டேன்டா."

மைக்கை வாங்கிப் பேசினார். "எங்க கடையில பட்டன் கட்டுற சரோஜா சைதாப்பேட்டையில ஆத்தோரமா இருந்துச்சு. வூட்ட இடிச்சு ஊருக்கு வெளிய தூக்கிப் போட்டாங்க. ரெண்டு பஸ்ஸு மாறி வருது. லேட்டா வந்தா கத்துவேன். ரெண்டு வருசமா கத்திகினு கீறேன். செகண்ட் ஹாஃபுல அந்தம்மாவும் அப்டித்தான் பஸ்ஸுல வருது. படத்துல அந்த பஸ்ஸு போய்க்கினே கீதுடா, நிக்கவே மாட்டேங்குது. சரோஜா தெனம் இவ்ளோ தூரமா வருதுன்னு எனக்கு இன்னிக்கித்தான் தெரியும்."

சொல்லிவிட்டு, மாலைக் காட்சிக்கு இருபது தலை வேண்டும் என்று நான் சொன்னதையும் கேட்டுக்கொண்டு ஜும்மாவுக்கு ஓடினார். நான் தினா அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, அந்த வீடியோவ எடுத்துடலாமா? ஆளு பேச்ச மாத்திட்டாரு."

"எவ்ளோ வியூஸ் போவுதுன்னு பாத்தியா நீ?"

"படத்த தூக்கிடுவாங்களாம்ணே."

"நாம இன்னா தூக்க வேணாம்னா சொல்றோம்? சரி, புதுசா பேசுனாரே, அழுதாரா?"

"அழுதாரு."

"கேமராவுல விழுந்துச்சா?"

"தொடச்சிகினுதான் பேசுனாரு."

"ப்ச். நாளைக்கி போட்டுக்கலாம் மச்சி. 'பாத்ரூம் பாய் பார்ட் டூ'ன்னு போடு."

நாளைக்குப் போட்டால் படம் இருக்காது. நான் போனை வைத்தேன். அவரைப் பார்த்துக் கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் பைட் எடுத்தவன் நான்.

5. இருபது தலை

மாலை ஆறு இருபதுக்கு பஷீர் பாய் ஒரு ஊர்வலமே கூட்டிக்கொண்டு வந்தார். அவரும் கடையின் இரண்டு டெய்லர்களும், ஜிப் கடைக்காரர், டீக்கடைக்காரர், அவர்கள் வீட்டு ஆட்கள், கடைசியில் தோளில் பையோடு சரோஜா அக்கா. மொத்தம் பத்து பேர்.

"எனக்கு எதுக்கு பாய் படம்? நான் தெனம் பட்டுகினு இருக்கறதத்தானே எடுத்து வச்சிகிறாங்க" என்று சரோஜா அக்கா புலம்பிக்கொண்டே படியேறினார்.

புக் செய்தவர்களில் மிச்சம் மூன்று பேர். பெரிய படத்துக்கு டிக்கெட் கிடைக்காமல் எரிச்சலோடு வந்தவர்கள் ஏழு. நிர்மலா மேடம் விரல் விட்டு எண்ணினார். சரியாக இருபது.

நான் வழக்கம்போல் பாப்கார்ன் கவுண்டர் பக்கம் நின்றேன். படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சரோஜா அக்கா குரல் வெளியே கேட்டது: "ஏய், கொடத்த கீழ வைக்காதடி! வச்சா லைன்ல பூந்துடுவாளுங்க!" ஹாலே சிரித்தது. காலையில் பதினாலு பேரைக் கொட்டாவி விட வைத்த அதே குடம்தான். நிர்மலா மேடம் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஏழு மணிக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு சரோஜா அக்கா வெளியே வந்தார். பின்னாலேயே பாய்.

"பஸ்ஸு போயிடும் பாய். இத வுட்டா அடுத்தது எப்பன்னு டிரைவருக்கே தெரியாது."

நிர்மலா மேடம் ஓடிவந்தார். "அக்கா, இன்டர்வெல் வரைக்கும் மட்டும் இருங்கக்கா. அரை மணி நேரம்."

"பொண்ணு வூட்ல தனியா கீதும்மா. நாலாவது மாடி, லிஃப்டு ஓடாது, படியில லைட்டு எரியாது." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டே கேட்டார்: "நல்லாத்தான் எடுத்துகிற. முடிவு இன்னா ஆவுது?"

"அந்தம்மாவுக்கும் வேற எடத்துல வீடு குடுத்துடறாங்க. வீட்டுக்குள்ளயே கொழா. ஆனாலும் பஸ் ஏறிப் பழைய எடத்துக்கு வந்து, லாரிக்கு லைன்ல நிக்கறாங்க."

"தண்ணிக்கா?"

"இல்லக்கா. பேசறதுக்கு."

சரோஜா அக்கா பைக்குள் கையை விட்டுத் துழாவினார். பிறகு, "நான்கூட ரெண்டு வாட்டி போனேன்" என்றார். தன் டிக்கெட்டை என் கையில் திணித்தார். "இந்தா, நீ போய் ஒக்காரு. கால் நீட்ட எடம் கீது."

படம் யாரைப் பற்றியதோ அவர், படம் எதைச் சொல்கிறதோ அதே பஸ்ஸைப் பிடிக்கப் பாதியில் ஓடினார். இதற்கு யார் மேல் கோபப்படுவது என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

பாய் என் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே தள்ளினார்.

இன்டர்வெல்லில் லைட் போட்டதும் மேனேஜர் வந்து விரலை நீட்டி நீட்டி எண்ணினார். "பதினெட்டு, பத்தொம்போது..." என்னிடம் நின்றது விரல். "டேய், நீ மைக்குதானே? நீயெல்லாம் ஆடியன்ஸா?"

"டிக்கெட் கீது, தல கீது, எண்ணு சார்" என்றார் பாய்.

மேனேஜர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இருபது."

டீ குடிக்க வெளியே வந்தோம். வேறொரு சேனல் தங்கச்சி மொபைல் லைட்டைப் போட்டுக்கொண்டு என் மூக்குக்கு நேரே மைக்கை நீட்டியது. "ப்ரோ, படம் எப்படி? பத்து செகண்டு!"

"இன்னும் முடியல."

"அது தெரியும் ப்ரோ. ரிவ்யூ சொல்லுங்க."

"முடியலம்மா" என்றார் பக்கத்தில் பாய். அவள் ஜிப் கடைக்காரரிடம் போனாள். "முடியட்டும்மா" என்றார் அவர். டிக்கெட் கிடைக்காமல் வந்த கூட்டத்தில் ஒருத்தனிடம் போனாள். அவனும் எங்களைப் பார்த்துவிட்டு அதையே சொன்னான். பாவம், அப்படி உருப்படாத பைட் யாருக்கும் கிடைத்திருக்காது.

6. கற்றது

படம் சனி, ஞாயிறு ஓடியது. திங்கட்கிழமை தூக்கிவிட்டார்கள். பாத்ரூம் வீடியோ இன்னும் ஓடுகிறது. பார்ட் டூவை நானே வெட்டிப் போட்டேன், வேறு தலைப்பில். பார்த்தவர்கள் சொற்பம். இப்போது நான் படம் முடிந்த பிறகுதான் பைட் எடுக்கிறேன். அதனால் எப்போதும் நாங்கள் கடைசி. தினா அண்ணன் தினம் திட்டுகிறார், மாவு உதிர உதிரத் திட்டுகிறார்.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். இன்டர்வெல்லில் மைக்கைப் பையில் போடுங்கள். போய் ஏதாவது சாப்பிடுங்கள். பிறகு உள்ளே போய் உட்காருங்கள்.

போன வாரம் பாய் கடைப் பக்கம் போனேன். சரோஜா அக்கா பட்டன் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஊசியை நிறுத்தினார்.

"ஏம்பா மைக்கு, அந்தம்மா திரும்பி வந்து லைன்ல நின்னுச்சே. அவளுங்க எடம் வுட்டாளுங்களா?"

நாலு வருடமாக ஊரையே கேள்வி கேட்டவன் நான். என்னிடம் ஒருத்தர் ஒரு படத்தின் முடிவைப் பற்றிக் கேட்டது அன்றுதான்.

"வுட்டாங்கக்கா," என்றேன். "முன்னாடியே நிக்க வச்சாங்க."